திருகாணியும் மெழுகும்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

மின்கிதார் வைத்திருக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிக்கப்பை அதன் பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கவிடாமல் கிதாரின் உடல்மரத்திலேயே நேரடியாகத் திருகிப் பொருத்தலாமா, பொருத்தினால் பிக்கப் கெட்டுவிடாதா என்பதே அது. இசைக்கருவிகளின் செய்முறையை ஆய்வுப் பொருளாகக் கொண்டிருப்பவன் என்பதால் கேட்கிறார்கள். பொருத்தலாம்; முறையாகச் செய்தால் கெடாது. ஒரு வரியில் முடியக்கூடிய இந்த விடையை நீட்டி எழுதக் காரணம், பாலக்காட்டு எல்லையோர ஊர்களில் கள ஆய்வுக்காகத் திரிந்தபோது இதே கேள்வியை வேறு கருவிகளின்மேல் வேறு கைகள் நெடுங்காலமாகத் தீர்த்து வைத்திருப்பதைக் கண்டதுதான்.

முதலில் பிக்கப் என்பது என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நிலைகாந்தம் ஒன்று, அதைச் சூழ ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட செம்புக் கம்பிச்சுருள் ஒன்று; அவ்வளவே. எஃகுத் தந்தி அந்தக் காந்தப்புலத்துக்குள் அதிரும்போது புலம் மாறுகிறது. மாறும் புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இது. சுருளில் உள்ள கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், அதாவது நம் தலைமுடியின் அளவு. அந்த ஒற்றை இழை எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் பிக்கப் ஊமையாகிவிடும். பிக்கப்பைப் பொருத்தும் வேலையில் காட்ட வேண்டிய கவனம் முழுவதும் இந்த இழையை முன்னிட்டதே.

நேரடியாகப் பொருத்துவது புதிய வழக்கமும் அன்று. 1950-களின் தொடக்கத்தில் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டரில், கழுத்துப் பக்கப் பிக்கப் மரத்தில்தான் திருகப்பட்டிருந்தது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப்புகள் மேலட்டையிலிருந்து தொங்கின. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்து, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்னும் இரட்டைச்சுருள் பிக்கப், ஸ்பிரிங்குகளின் துணையோடு ஒரு சட்டத்தில் தொங்கியது. 1970-களின் பிற்பகுதியில் எடி வான் ஹேலன் பழைய கிப்சன் கிதார் ஒன்றிலிருந்து கழற்றிய ஹம்பக்கரைத் தாமே கூட்டிக் கட்டிய கிதாரின் மரத்தில் நேராகத் திருகினார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தோர் பலர் அந்தப் பழக்கத்தையும் கைக்கொண்டனர்.

இதனால் ஒலி மாறுமா? மரத்தோடு ஒட்டிய பிக்கப் மரத்தின் குரலையும் சேர்த்துக் கேட்கும் என்று உறுதியாகச் சொல்வோர் உள்ளனர். இயற்பியலின்படி பார்த்தால், பிக்கப் உணர்வது தந்திக்கும் தனக்கும் இடையிலுள்ள சார்பு அசைவை மட்டுமே. கனமான திண்ம உடலின் அதிர்வு, தந்தியின் வீச்சோடு ஒப்பிடுகையில் மிகமிகச் சிறியது. ஆகவே ஒலிநிறத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. நடைமுறைப் பயன் வேறிடத்தில் இருக்கிறது. தளர்ந்த சட்டமும் ஸ்பிரிங்கும் உரத்த ஒலியில் தாமே அதிர்ந்து கீச்சிடுவது நிற்கும்; பிக்கப்பின் உயரம் அடிக்கடி மாறாது; உடைந்துபோன பிளாஸ்டிக் சட்டத்துக்காக அலைய வேண்டியதில்லை. எனவே நேரடிப் பொருத்தம் என்பது பெரும்பாலும் நிலைப்புக்கான ஏற்பாடு. பெறப்போவது இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டால், அதற்காக எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்ற கணக்கும் தெளிவாகும்.

அந்தக் கணக்கு எவ்வளவு மெய்யானது என்பதை மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பாலக்காட்டுக்குப் படிக்க வந்த மாணவர் ஒருவரிடம் கண்டேன். அவர் கொண்டுவந்த கிதார் அவருக்குச் சொந்தமானதன்று. லயங்களில் வாழும் குடும்பங்கள் காசு சேர்த்துத் தோட்டத்துப் பாடகர் குழுவுக்காக வாங்கியது. குழுவுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. பாலப் பக்கத்து ஹம்பக்கரின் சட்டம் இரண்டாகப் பிளந்து, பிக்கப் குழிக்குள் சரிந்து கிடந்தது. அதே அளவுள்ள சட்டம் கிடைக்கவில்லை. ஒரு கடையில் வேறொரு வழி சொல்லியிருந்தார்கள். மாணவர் கேட்டார்: “அண்ணா, கால்ல இருக்கிற ஓட்டைய பெருசாக்கி, பெரிய ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம்னு சொல்றாங்க. இறுக்கிட்டா அப்புறம் எடுக்க முடியுமா?”

“எடுக்க முடியுற மாதிரி இறுக்கலாம் தம்பி” என்றேன்.

அவர் கேட்ட கேள்வியின் பின்பாதி எனக்கு முக்கியமாகப்பட்டது. மலைமேல் உள்ளவர்களுக்கு ஒரு பிக்கப் கெட்டால் மாற்றுப் பிக்கப்புக்காகக் கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்க வேண்டும். போக வர ஒரு நாள் கூலி போகும்; பொருளின் விலை தனி. மீண்டும் எடுக்க முடியுமா என்று கேட்பவர் இதையெல்லாம் எண்ணித்தான் கேட்கிறார்.

அன்று நாங்கள் செய்ததை, பிறருக்கும் பயன்படலாம் என்பதால், ஒழுங்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் மல்ட்டிமீட்டரால் பிக்கப்பின் மின்தடையை அளந்து குறித்துக்கொண்டோம். ஹம்பக்கர்களில் அது பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். ஒற்றைச்சுருள் பிக்கப்புகளில் சற்றுக் குறையும். வேலை முடிந்தபின் அதே அளவு வந்தால் சுருள் பிழைத்திருக்கிறது என்று பொருள். அளவே காட்டாவிட்டால் எங்கோ இழை அறுந்திருக்கிறது. தந்திகளைக் கழற்றியபின், பிக்கப்பின் முகத்தையும் பக்கங்களையும் காகித ஒட்டுநாடாவால் மூடினோம். திருப்புளி எஃகாலானது, பிக்கப்போ காந்தம். கை சற்று அயர்ந்தால் திருப்புளி தானே பாய்ந்து சுருளைக் கீறிவிடும். மரத்தூளும் உலோகத் துருவலும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆதலால் மரத்தில் துளையிடும்போது பிக்கப் மேசையின் மறுகோடியில் இருந்தது.

ஹம்பக்கரின் அடித்தகடு நிக்கல் வெள்ளி எனப்படும் மெல்லிய கலப்புலோகத்தாலானது. அதன் இருபுறமும் கீழ்நோக்கி மடிந்த கால்கள் இருக்கும். கால்களில் உள்ள துளைகளில் மரை உண்டு. அது சட்டத்தின் ஸ்க்ரூவுக்கான மரை. மரத்தில் ஏறும் பருத்த ஸ்க்ரூவை அதில் வலிந்து செலுத்தினால் மரை அழியும் அல்லது கால் வளையும். துளையைப் பெரிதாக்கினாலோ பிக்கப்பை இனி ஒருபோதும் சட்டத்தில் மாட்ட முடியாது. சிலர் கால்களையே வெட்டி எறிவதும் உண்டு. இவை எவையும் தேவையற்றவை. அந்த மரையைத் தொடாமல் தாராளமாக நுழைந்து போகும் மெல்லிய மர ஸ்க்ரூ, தலை மட்டும் துளையைவிடப் பெரிதாக இருந்தால் போதும். ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்க்ரூ இதற்குப் பொருந்துகிறது.

மரத்தில் முன்துளை இடாமல் ஸ்க்ரூவை ஏற்றக் கூடாது. மரம் பிளக்கும் அல்லது ஸ்க்ரூவின் தலை முறியும். முன்துளை, ஸ்க்ரூவின் மரையை நீக்கிப் பார்த்தால் எஞ்சும் நடுத்தண்டின் அளவுக்கு இருக்க வேண்டும். பல மின்கிதார்களின் உடல் 44 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. குழியும், கால்களுக்கான ஆழமான பள்ளமும் போக எஞ்சும் மரத்தை அளந்த பிறகே ஸ்க்ரூவின் நீளத்தைத் தீர்மானித்தோம். டிரில் பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுநாடா சுற்றினோம். ஸ்க்ரூவின் மரையில் சிறிது மெழுகு தடவியபின் அது முனகலின்றி ஏறியது.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நிலை. நேரடிப் பொருத்தம் என்றதும் பலரும் பிக்கப்பைக் குழியின் தரையோடு ஒட்ட இறுக்கிவிடுகிறார்கள். ஹம்பக்கரின் அடியில் காந்தமுனை ஸ்க்ரூக்களின் நுனிகள் துருத்திக்கொண்டிருக்கும். தரையில் அவை முட்டிய பின்னும் இறுக்கினால் அடித்தகடு வில்லாக வளையும், சுருள்கள் சாயும். காந்தத்தின்மேல் நேரடியாகக் கம்பி சுற்றப்பட்ட பழைய வகை ஒற்றைச்சுருள் பிக்கப்பில் இது இன்னும் கொடியது. கீழட்டை வளைந்து காந்தம் நகர்ந்தால், அதை ஒட்டியிருக்கும் உட்சுற்று அறுந்துவிடும். எனவே பிக்கப்புக்கும் மரத்துக்கும் நடுவே இசைந்து கொடுக்கும் ஒன்று இருக்க வேண்டும். ஸ்க்ரூ கீழே இழுக்க, அந்தப் பொருள் மேலே தள்ள, இரண்டுக்கும் இடையில் பிக்கப் நிற்கும். ஸ்பிரிங், அடர்த்தியான ஃபோம், ரப்பர்க் குழாய்த் துண்டு ஆகிய மூன்றில் எதுவும் உதவும். நாங்கள் கால்களின் கீழே பழைய சட்டத்தின் ஸ்பிரிங்குகளையே போட்டோம். அடித்தகட்டின் இரு முனைகளிலும் மட்டும் ஃபோம் துண்டுகளை வைத்து, நடுவில் ஸ்க்ரூ நுனிகளுக்கு இடம் விட்டோம்.

கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் முகத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். தடித்த தந்தியின் பக்கம் சுமார் 2.5, மெல்லிய தந்தியின் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கிக் காதால் திருத்திக்கொள்ளலாம். மிக நெருங்கினால் காந்தம் தந்தியையே இழுக்கும், சுருதி கலங்கும். மல்ட்டிமீட்டர் முன்பு காட்டிய அளவையே மீண்டும் காட்டியது. உடைந்த சட்டத்தின் துண்டுகளை ஒரு காகித உறையில் போட்டு மாணவரிடம் கொடுத்தேன். அதே அளவில் வேறொன்று கிடைக்கும் நாளில், கிதாரைப் பழைய நிலைக்கு அப்படியே திருப்பலாம். மரத்தில் இரண்டு மெல்லிய துளைகள் மட்டும் மிஞ்சும். அவையும் சட்டத்தின் அடியில் மறைந்துவிடும்.

தட்பவெப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்குப் போவோர் அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழைக்காற்று வீசும். சின்னாறும் மறையூரும் மழைமறைவுப் பகுதிகள். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சுவரெல்லாம் பூஞ்சை படரும் ஈர மலைக்கு ஏறிவிடுகிறோம். அந்தக் கிதார் ஆண்டுக்குப் பலமுறை இந்த வழியில் போய் வருகிறது. வறட்சியில் மரம் சுருங்கும், ஈரத்தில் பருக்கும். விட்டுக்கொடுக்காமல் இறுக்கிய ஸ்க்ரூ, பருத்த மரத்தை நசுக்கித் தனக்கே இடம் பண்ணிக்கொள்ளும். மரம் சுருங்கும்போது அதே துளையில் ஆடத் தொடங்கும். ஸ்பிரிங் மேல் நிற்கும் பிக்கப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. ஈரத்தில் ஃபோம் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவோ பித்தளை ஸ்க்ரூவோ இங்கே நல்லது.

இனி, இந்தச் சிந்தனைக்கு என்னை இட்டுச் சென்ற ஊர்களுக்கு வருகிறேன். பாலக்காடு மாவட்டத்துப் பெருவெம்பு, தோற்கருவிகள் செய்வோரின் ஊர். மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் அங்கே உருவாகின்றன. பலாமரத்தைக் குடைந்த மிருதங்கத்தின் இரு வாய்களிலும் தோல்மூட்டு எவ்வாறு நிற்கிறது என்று பாருங்கள். அங்கே ஆணி இல்லை, பசை இல்லை. வலந்தலையையும் தொப்பியையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் தோல்வார்கள் மட்டுமே. மூட்டின் விளிம்பில் கல்லால் தட்டினால் சுருதி ஏறும், இறங்கும். மூட்டு தேய்ந்தால் வாரை அவிழ்த்து வேறு மூட்டு போடலாம். மரம் தலைமுறை கடந்து நிற்கும். அடிவாங்கும் பகுதியை அழியக்கூடியதாகவும் மாற்றக்கூடியதாகவும் அமைத்து, உடலைக் காயமின்றிக் காப்பாற்றும் வடிவமைப்பு இது.

பெருவெம்புக்கு அருகிலுள்ள கொடுவாயூரில்தான் வீணை வித்வான் கே.எஸ். நாராயணசுவாமி 1914-இல் பிறந்தார். வீணையின் 24 மெட்டுகளும் எதன்மேல் நிற்கின்றன? தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்பு மெழுகின்மேல். மெட்டை வைத்து, காதால் கேட்டு, மயிரிழை அளவு நகர்த்தி, சுரம் சேர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். மேளம் கட்டுதல் என்பது இந்த வேலையின் பெயர். கோடை வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டு அசைவதுண்டு. அப்போது மீண்டும் மேளம் கட்ட வேண்டும். இதைக் குறையாகப் பார்ப்போர் உண்டு. திருத்திக்கொள்ள வழி விட்டுவைத்த ஏற்பாடாகவே நான் பார்க்கிறேன். மெட்டுகளை உலோகச் சட்டத்தில் அறைந்திருந்தால், தந்தி மாறும்போதும் தண்டு வளையும்போதும் வீணையின் சுருதியை எவரால் சீர்செய்ய முடியும்?

இன்னொரு ஒற்றுமை எனக்கு வியப்பைத் தந்தது. பிக்கப்பின் சுருளும் மெழுகில்தான் வாழ்கிறது. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த இளஞ்சூட்டுக் குழம்பில் பிக்கப்பை முக்கி எடுப்பார்கள். மெழுகு சுற்றுகளுக்கு இடையே புகுந்து உறைந்து, உரத்த ஒலியில் அவை தாமே அதிர்ந்து ஊளையிடாதபடி பிடித்துக்கொள்ளும். வேண்டுமானால் மறுபடி சூடாக்கிச் சுருளைப் பிரிக்கவும் இயலும். வீணையின் மெட்டை நிறுத்திய அதே தேன்மெழுகு, கடல் கடந்த ஒரு தொழிற்கூடத்தில் தலைமுடி போன்ற கம்பியைக் காக்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாக நான் சொல்லவில்லை. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்ற ஒரே தேவை இரு கூட்டத்தாரையும் ஒரே பொருளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

வீணையில் காந்தப் பிக்கப் பொருத்த விரும்புவோருக்கும் ஒரு சொல். காந்தம் எஃகுக்கு மட்டுமே செவி கொடுக்கும். எஃகாலான சாரணியும் பஞ்சமமும் நன்றாக ஒலிக்கும். மந்தரமும் அனுமந்தரமும் எஃகு நடுக்கம்பியின்மேல் சுற்றப்பட்டவையாக இருந்தால் ஒலிக்கும். வெறும் பித்தளையானால் ஏறக்குறைய மௌனமே. குடத்தின் மேற்பலகையில் துளையிடுவதை மட்டும் நினைத்தும் பார்க்க வேண்டாம். கிதாரின் திண்ம உடலில் ஒரு சிறு துளை ஒலியைக் கெடுக்காது. குடமோ உள்ளீடற்ற ஒலிப்பெட்டி. அதன் மெல்லிய பலகைதான் அந்தக் கருவியின் குரல்.

ஒலியைப் பெருக்குவது குறித்துப் பாலக்காட்டு மரபிலேயே ஒரு கடுமையான நிலைப்பாடு உண்டு. பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் ஒலிவாங்கி வைத்து வாசிப்பதை மறுத்தார். மிருதங்கத்தின் நுண்ணிய ஒலிகளைக் கருவி அப்படியே கடத்துவதில்லை என்பது அவர் தரப்பு. எதிர்ப்புறத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) இருக்கிறார். ஐந்து தந்திகள் கொண்ட மின்மாண்டலின் இல்லையேல் அவருடைய நீண்ட கமகங்கள் இல்லை. இருவரில் எவர் சரி என்று தீர்ப்பெழுத எனக்கு விருப்பமில்லை. இருவருமே தம் கருவி எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதில் ஊன்றிய கவனம் கொண்டவர்கள் என்பதே இங்கு எனக்கு வேண்டியது. மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்க் கைவினைஞர் பர்லாந்துவின் கைகள் இருந்தன. டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ நூலை எழுதும்வரை, நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரை அறிந்திருந்தோம்?

கல்விப்புலத்தில் இருக்கும் நண்பர்களிடம் நான் சொல்ல விழைவது இதைத்தான். பழைய வீணை ஒன்றில் ஸ்க்ரூ ஏற்றலாமா என்று எவரேனும் கேட்டால் நாம் பதறுகிறோம். மரபு, பாதுகாப்பு, பண்பாட்டுச் சொத்து என்று சொற்களை அடுக்குகிறோம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மின்கிதாரைக் கொண்டுவந்து அதையே கேட்டால், பெரிய ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கு என்பதே விடையாகிவிடுகிறது. கருவியின் விலையையும் பிறப்பையும் பார்த்து நம் கவனத்தை அளந்து கொடுக்கிறோம். லயத்து மக்கள் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய கிதாருக்கும், அக்கிரகாரத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் வீணைக்கும் ஒரே விதமான பொறுமையைத் தர வேண்டும் என்பது என் எண்ணம். கெட்டுப்போனால் இழப்பு எவருக்கு அதிகம் என்று கேட்டால், முன்னதற்கே கூடுதல் பொறுமை தேவைப்படலாம்.

மாணவர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கைவினைஞர்களிடம் நேர்காணலுக்குப் போகும்போது, எப்படிச் செய்கிறீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்படிக் கழற்றுகிறீர்கள் என்றும் கேளுங்கள். செய்முறையைச் சொல்லும்போது பலர் விட்டுவிடும் நுட்பங்கள், கழற்றும் முறையைச் சொல்லும்போது தாமாக வெளிவருகின்றன. பெருவெம்பில் வாரை அவிழ்க்கும் வரிசையைக் கேட்ட அன்றுதான், அதைக் கட்டும் வரிசையின் காரணம் எனக்கு விளங்கியது.

உங்கள் ஊரில் பிக்கப்போ மெட்டோ மூட்டோ பொருத்துவோர் கையாளும் முறைகள் தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஸ்க்ரூவின் அளவு, மெழுகின் கலவை, வாரின் அகலம் போன்ற விவரங்களைத் தவறாமல் சேருங்கள்.